ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்தது

1

புணேக்கு வந்து இந்தச் சித்திரையோடு பதினான்கு வருடம். அதை எனக்கு நினைவுபடுத்தியவர் சிவகாசியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர். காலையில் போன் செய்தார்.

"மாப்ள, பிள்ளைக்கு ஜாதகம் குடுக்கேன். இப்பல்லாம் கூடவே ஒரு தாள் குடுக்கணுமாம். அதுல தாய்மாமன் தொழில்னு ஒரு கட்டம் கிடக்கு. பதினாலு வருசமா அங்க இருக்கியே, என்னதான் வேலை பாக்க?"

"காத்து எந்தப் பக்கமாப் போவும்னு பாக்குத வேலை மச்சான்."

"வானிலையா? மழை வருமா வராதான்னு சொல்லுவாங்களே, அதா?"

"இல்ல மச்சான், பெட்டிக்குள்ள."

"பெட்டிக்குள்ள ஏதுடா காத்து?"

"ஃபேன் வச்சிருக்கோம்லா."

"அப்ப ஃபேன் மாட்டுத வேலை."

"மாட்டுததுக்கு முன்னாடி, மாட்டுனா என்ன ஆவும்னு கம்ப்யூட்டர்ல பாக்குத வேலை."

பிறகு மச்சான் மிகுந்த கருணையோடு சொன்னார்: "சாப்ட்வேர்னு போட்டுக்கிடுதேன் மாப்ள. அப்படிப் போட்டா அடுத்த கேள்வியே கேக்க மாட்டாங்க."

அப்படியே போட்டுவிட்டார். நான் குடியிருக்கும் வாகட், சாப்ட்வேர் கம்பெனிகள் நிறைந்த ஹிஞ்சவடிக்குப் பக்கம்; அங்கே இந்தத் தந்திரம் பலிக்காது. இங்கே லிஃப்டில் ஏறுகிற ஒவ்வொருவரும் உண்மையான சாப்ட்வேர்க்காரர். "எந்தக் கம்பெனி, ஹிஞ்சவடியில் எந்தப் பக்கம்?" என்பார்கள். "போசரி, தொழிற்பேட்டை" என்பேன். அத்தோடு அவர்களும் அடுத்த கேள்வியை நிறுத்திவிடுவார்கள், ஆனால் மச்சான் சொன்ன காரணத்துக்காக அல்ல.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் அதே சந்தேகம் இருக்கும். ஆகவே அந்தக் கட்டத்தில் எழுத இடம் போதாததை இங்கே எழுதுகிறேன். அதுவும் போன மாதம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2

எங்கள் நிறுவனம் மின்சார ஆட்டோக்களுக்குச் சார்ஜ் ஏற்றும் பெட்டி செய்கிறது. இடுப்பளவு உயரம், சுவரில் மாட்டுவது. உள்ளே கட்டை விரல் நகம் அளவுக்குச் சில சில்லுகள் இருக்கின்றன. ஆட்டோவுக்குப் போகிற மின்சாரம் முழுவதும் அவற்றின் வழியாகத்தான் போக வேண்டும். போகும்போது அவை கொதிக்கும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அலுமினியத் தகடுகள். தகடுகளின் மேல் காற்றடிக்க ஒரு விசிறி. காற்று உள்ளே வர இடப் பக்கம் நீள நீளமான துளைகள், வெளியே போக வலப் பக்கம் அதே போல. தகடு தொண்ணூற்றைந்து டிகிரியைத் தொட்டால் பெட்டி தன்னைத் தானே அணைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் போடும்.

என் வேலை, பெட்டியைச் செய்வதற்கு முன்பே கணினியில் அதைச் செய்து பார்ப்பது. பெட்டிக்குள் இருக்கும் வெற்றிடத்தை லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாக வெட்டுவோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தன் சூடு என்ன, தன் வழியாக எவ்வளவு காற்று போகிறது என்று தனியாகத் தெரியாது. பக்கத்து வீட்டைக் கேட்டுத்தான் சொல்லும். பக்கத்து வீடு அதற்குப் பக்கத்து வீட்டைக் கேட்கும். இப்படி எல்லாரும் எல்லாரையும் ஆயிரம் முறை, இரண்டாயிரம் முறை கேட்டு, ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்காத நிலை வரும்போது கணினி 'முடிந்தது' என்று சொல்லும். ஒரு படம் வரும். குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் சிவப்பு, நடுவே பச்சை, மஞ்சள். எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'ரங்கோலி' என்று பெயர். "அண்ணா, இன்றைய ரங்கோலி ஆயிற்றா?" என்று கேட்பார்கள். புணேயில் மகாராஷ்டிர எல்லைக்குத் தெற்கே பிறந்த எல்லாரும் அண்ணாதான்; என்னைவிடப் பத்து வயது மூத்த மேலாளருக்கும் நான் அண்ணா.

என் மனைவி ராஜிக்கு இந்த வேலை புரிந்த அளவுக்கு அலுவலகத்தில் யாருக்கும் புரியவில்லை. ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உங்க கம்ப்யூட்டர் காத்து நீங்க சொல்லுத பேச்சைக் கேக்குது. அதான் பொழுதன்னைக்கும் அது கூடயே உக்காந்திருக்கீங்க" என்றாள். இப்படி யாராவது வாய்விட்டுச் சொல்வதைக் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. அன்று குறித்துவைத்துவிட்டு அதை மறந்துபோனேன்.

நான் எஞ்சினியர் இல்லை. டிப்ளமோ. படிப்பு முடித்து இரண்டு வருடம் சிவகாசியில் ஒரு லேபிள் அச்சகத்தில் வேலை பார்த்தேன். பட்டாசுக் கட்டுக்கு, தீப்பெட்டிக்கு, ஊறுகாய்ப் பாட்டிலுக்கு, நாட்டில் எதன் மேலெல்லாம் ஒட்ட முடியுமோ அதற்கெல்லாம் லேபிள். சிவகாசி வெயிலை நான் சொல்ல வேண்டியதில்லை. விசிறியைப் போட்டால் அச்சடித்த தாள் பறக்கும், முதலாளி கத்துவார். நிறுத்தினால் ஆட்கள் நனைந்து போவார்கள், வேர்வைத் துளி தாளில் விழும், அதற்கும் முதலாளி கத்துவார். நான் ஒருநாள் ஸ்டாண்டு ஃபேனைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தேன். சுவரில் அடித்துத் திரும்பிய காற்று ஆட்கள் முதுகில் பட்டது, தாள் அசையவில்லை. ஃபோர்மேன் எல்லாரையும் கூப்பிட்டு, "காத்தைச் சுவத்துல அடிச்சு மனுசன் மேல தெளிக்கான் பாருங்கடா" என்றார். என் தொழிலுக்கு எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அதுதான்.

புணேக்கு வந்தது அசெம்பிளி சூப்பர்வைசராக. திருகு முடுக்குகிறவர்களை மேற்பார்வை செய்கிறவன். இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்து, தப்புத் தப்பாகச் செய்து, மூன்று வருடத்தில் நானாகக் கற்றுக்கொண்டேன். பிறகு நிறுவனம் நல்ல மென்பொருள் ஒன்று வாங்கியது. ஒரே ஒரு ஆள் பயன்படுத்தலாம், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அந்த ஒரு இருக்கையில் என்னை உட்கார வைத்தார்கள். ஆறு வருடம் உட்கார்ந்தேன். பட்டம் பெற்ற எஞ்சினியர்கள் அந்த நாற்காலியைக் கடந்து போகும்போதெல்லாம் பார்க்கிற பார்வையைத் தனியாக ஒரு குறிப்பாக எழுதலாம்.

3

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மேலாளர் குல்கர்ணி சார் என்னைக் கூப்பிட்டார். அவர் என்னிடம் இந்தி பேசுவார், கோபம் வந்தால் மராட்டி. அன்று மராட்டி. தமிழில் சொல்கிறேன்.

"அரே அண்ணா, ஏரவாடா ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பெட்டியும் மதியமானால் படுத்துக்கொள்கிறது. உன் ரங்கோலி என்ன சொன்னது?"

"எழுபத்தெட்டு டிகிரி, சார்."

"ஆய்வகத்தில் சோதித்தபோது?"

"எண்பது."

"அப்புறம் ஏரவாடாவில் மட்டும் எப்படித் தொண்ணூற்றைந்து?"

எனக்குத் தெரியவில்லை. குல்கர்ணி சாருக்குத் தெரிந்திருந்தது. அறிக்கையை ஏற்கெனவே முக்கால்வாசி எழுதிவைத்திருந்தார். 'பயன்படுத்துவோரின் கவனக்குறைவும் சேதப்படுத்தலும்' என்பது காரணம். ஆதாரமாக ஒரு புகைப்படம்: பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை யாரோ நகத்தால் கீறியிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை கூட்டம். நீயும் கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. வடிவமைப்பில் குறையில்லை, கணினி மாடல் சரி என்று. அவ்வளவுதான். பெட்டிகளைக் கழற்றி வேறு ஸ்டாண்டில் மாட்டிவிடுவோம்."

"நான் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பார். ஆனால் ஒன்று. மாடல் தப்பு என்றால், மாடல் எதற்கு? இந்த மாசக் கடைசியில் மென்பொருள் புதுப்பிக்க வருகிறது. நீ திரும்ப அசெம்பிளிக்குப் போக விரும்புகிறாயா?"

அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. உண்மையான அக்கறையோடு கேட்டார். அதுதான் பயமாக இருந்தது.

4

செவ்வாய் மதியம் ஒன்றரைக்கு ஏரவாடா ஸ்டாண்டில் நின்றேன். தகரக் கூரை, அதன் கீழே வரிசையாக மின் ஆட்டோக்கள், சுவரில் எங்கள் பெட்டிகள் நான்கு. நான்கிலும் சிவப்பு விளக்கு. ஆட்டோ ஒன்றின் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெண்மணி இந்தியில் கேட்டார், நீங்கள்தான் கம்பெனியா என்று. ஆமாம் என்றேன். பெட்டி எப்போது நிற்கிறது, எப்போது ஓடுகிறது என்று வெகு மரியாதையான இந்தியில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் ராஜி போன் செய்தாள். "அப்புறம் பேசுதேன், வெயில்ல நிக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

"அய்ய, தமிழா நீங்க?" என்று அவர் சீட்டிலிருந்து இறங்கினார். "அத முன்னாடியே சொல்றதில்ல? இவ்ளோ நேரம் ஹிந்தில மரியாதையா பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குது."

செல்வி அக்கா. ஏரவாடாவிலேயே பிறந்தவர். அவர் அப்பா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். என்னைவிடச் சின்னவராகத்தான் இருப்பார், ஆனால் ஸ்டாண்டே அக்கா என்று கூப்பிடும்போது நான் மட்டும் எப்படி வேறு சொல்வது?

"இன்னா ஆவுதுன்னு நான் சொல்றேன் அண்ணா. காலைல உங்க பொட்டி டாப்பா ஓடுது. பன்னெண்டு அடிச்சா செவப்பு லைட்டு. பந்த். நாலு மணிக்குத் தானா எழுந்துக்குது. கவர்மெண்ட் ஆபீஸு தோத்துது போங்க, அவங்களுக்கே ஒரு மணி நேரம்தான் லஞ்ச்சு."

பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் மராட்டியில் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். செல்வி அக்கா சிரிக்கவில்லை.

"எனக்கு ரெண்டரைக்கு ஸ்கூல் ஸவாரி. ஆறு புள்ளைங்க. காலைல ஓட்டி, மதியானம் இங்க வந்து சார்ஜ் போட்டாத்தான் திரும்பிப் போவ முடியும். இந்த வாரம் ரெண்டு வாட்டி நடுரோட்ல நின்னுட்டேன். அந்தப் புள்ளைங்க அம்மாங்க வேற வண்டி பாக்கறாங்களாம். இப்ப பொட்டியயே கழட்டப் போறதா பேசிக்கிறாங்க. நெசமா?"

வெப்பமானியை எடுப்பதுபோல் பையைத் துழாவினேன்.

"இங்க வந்து கைய வெச்சுப் பாருங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பெட்டியின் வலப் பக்கம் வைத்தார். பெட்டி அணைந்தாலும் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, துளை வழியாகச் சோம்பலாக வெந்நீராவி மாதிரி காற்று. "இந்தப் பக்கம் வெளிய வருது, இல்ல? அப்ப அந்தப் பக்கம் உள்ள போவணுமில்ல? வெச்சுப் பாருங்க. போவுதா? மூக்கப் பொத்திக்கினு எவ்ளோ நேரம் ஓட முடியும்?"

இடப் பக்கம் வந்தேன். கை வைத்த இடத்தில் துளை இல்லை. துளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். நல்ல தரமான ஸ்டிக்கர். வெயிலுக்கும் மழைக்கும் அசையாதது. சிவகாசிக்காரன் சொல்கிறேன், அப்படி ஒரு வழவழப்பான ஒட்டலை நான் பார்த்ததில்லை. மராட்டி, இந்தி, ஆங்கிலம், மூன்றிலும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது:

'எச்சரிக்கை. காற்றுத் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடக் கூடாது.'

மூன்று மொழியும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குத் துளைகளை மூடியிருந்தன.

சிரிப்பு வந்தது.

"அக்கா, இது துளையை மூடிக்கிட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியாம இன்னா? வந்த அன்னிக்கே தெரியும். படிச்சேனே! மூணு பாஷைலயும் படிச்சேன், நான் பத்தாவது பாஸு. மூடாதன்னு போட்டிருக்கு, நாங்க மூடல. கீழ பொடி எழுத்துல இன்னா போட்டிருக்கு பாருங்க."

குனிந்து பார்த்தேன். 'இந்த ஸ்டிக்கரை அகற்றினால் உத்தரவாதம் செல்லாது.'

"பிரிக்காதன்னும் போட்டிருக்கு, பிரிக்கல. உங்க பொட்டி ரூல்ஸ்படிதான் வெந்துக்கினு இருக்கு" என்றார் செல்வி அக்கா. "ஒரு நாளு தாங்க முடியாம ஓரத்துல நகத்தால இப்டி லேசா கீறினேன். மறுநாளே உங்க சர்வீஸ் ஆளு வந்து போட்டோ புட்சிக்கினு போயிட்டான்."

5

அலுவலகத்துக்கு வந்தபோது மனசு லேசாக இருந்தது. தப்பு ஸ்டிக்கரில். ஸ்டிக்கர் ஆவணப் பிரிவு. ஆவணப் பிரிவு பாட்டீல் மேடம். நானும் என் ரங்கோலியும் தப்பித்தோம். இவ்வளவையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியின் வரைபடத்தைத் திறந்தேன். ஏழாவது திருத்தம், அதுதான் கடைசி.

ஸ்டிக்கர் அதில் இருந்தது. அதே மஞ்சள், அதே இடம், அதே அளவு.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். வரைபடத்தை அப்படியே கணக்குக்குக் கொடுக்க முடியாது. அதில் ஒவ்வொரு திருகும், திருகின் ஒவ்வொரு மரையும், நிறுவனத்தின் சின்னம் எழுத்தெழுத்தாகவும் இருக்கும். அத்தனைக்கும் கட்டம் வெட்டினால் கணினி ஒரு வாரம் முனகும். ஆகவே முதலில் சுத்தம் செய்வோம். மென்பொருளில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிந்தது எல்லாவற்றையும் அதுவே நீக்கிவிடும். மெலிந்தது காற்றை என்ன செய்துவிடும்? ஆறு வருடமாக அந்த டிக்கை நான் பார்த்துப் போட்டதில்லை. குளித்ததும் தலை துவட்டுவது போல, அது பாட்டுக்கு நடக்கும்.

ஸ்டிக்கர் கால் மில்லிமீட்டர்.

பெட்டி பெட்டியாக லேபிள் அடித்த ஊரில் பிறந்து, இரண்டு வருடம் அந்த மையை முகர்ந்து, கடைசியில் ஒரு லேபிளைப் பொருட்டாக மதிக்காதவன் இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆய்வகத்தில் சோதித்த பெட்டியிலும் ஸ்டிக்கர் இல்லை. அதை ஒட்டுவது பேக்கிங்கில், கடைசியாக.

டிக்கை எடுத்துவிட்டு மறுபடியும் ஓட்டினேன். மறுநாள் காலை கட்டங்கள் எல்லாம் பேசி முடித்து, தொண்ணூற்றெட்டு என்றன. இடப் பக்கம் நீலமே இல்லை, படம் முழுக்கச் சிவப்பு. ஆறு வருடத்தில் நான் போட்ட மிகச் சரியான ரங்கோலி அது, எனக்கு எதிராக.

இருந்தாலும் மனித மனம் லேசில் விடாது. பாட்டீல் மேடத்திடம் போனேன். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர், மேசையில் ஒரு தூசு இருக்காது.

"மேடம், ஸ்டிக்கர் ஏன் இவ்வளவு பெரிசு?"

"பஸா" என்று நாற்காலியைக் காட்டிவிட்டு, பீரோவைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். "முதலில் தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மூன்று மொழியும் சம அளவில் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. சமமாக்கினோம். எழுத்து சிறிதாக இருக்கிறது, தூரத்திலிருந்து தெரியவில்லை என்று அடுத்த கடிதம். பெரிதாக்கினோம். ஒப்புதல் தர வேண்டிய ஒன்பது பேருக்கும் அனுப்பி, 'இந்த அளவும் இடமும் சரியா, ஆட்சேபம் உண்டா?' என்று கேட்டேன்." தாளை என் பக்கம் திருப்பினார். ஒன்பது கட்டம், ஒன்பது கையெழுத்து. ஐந்தாவது கட்டத்தில் 'வெப்பம்' என்றிருந்தது.

"ஹீ துமசி ஸஹீ நா, அண்ணா?" உங்கள் கையெழுத்துத்தானே?

என் கையெழுத்துத்தான். தமிழில் போடுவேன், பதினான்கு வருடமாக விடாத பெருமை. அந்தப் பெருமை அன்று தப்பிக்க ஒரு வழியும் வைக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் வேறு யாருமில்லை.

"படித்துவிட்டுப் போட்டீர்களா?"

"இல்லை மேடம்."

"யாருமே படிக்கவில்லை. ஒன்பது பேரும் ஒரே நாளில் திருப்பி அனுப்பினார்கள்." கோப்பை மூடினார். "இது பீரோவில் இருக்கும். கேட்டால் எடுப்பேன். கேட்காவிட்டால் பூட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை நீங்கள் காரணம் காற்று என்றால் காற்று, ஆட்டோக்காரர்கள் என்றால் ஆட்டோக்காரர்கள்."

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். ஒன்பதாவது படிக்கும் மகள் இனியா, என் போனில் இருந்த ஸ்டிக்கர் படத்தைப் பார்த்துவிட்டுப் புரையேறும் வரை சிரித்தாள். "அப்பா, இது மீம்! ஏக்தம் மீம்!" பிறகு உற்றுப் பார்த்து, "இதுல தமிழ் கா நாஹி?" என்றாள், தமிழ் ஏன் இல்லை என்று. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்குப் பெருமை. கேள்வியில் பாதி மராட்டியாக இருந்ததைப் பொருட்படுத்தவில்லை. தமிழும் இருந்திருந்தால் நான் மார்தட்டியிருப்பேன், மிச்சமிருந்த துளைகளும் போயிருக்கும்.

"அப்போ நீங்க ஸாரி சொல்லிட்டா ஸம்ப்லா, இல்லயா?" என்றாள். ஸம்ப்லா என்றால் முடிந்தது. அவளுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம்.

"சொன்னா உங்க அப்பாவை மறுபடி திருகு முடுக்க அனுப்பிருவாங்க" என்றாள் ராஜி. சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "சொல்லலைன்னா அந்த அக்கா ஸ்டாண்டுல பெட்டியக் கழட்டிருவாங்கல்ல?"

"ஆமா."

"அப்புறம் என்னத்துக்கு ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? முடிவு பண்ணிட்டீங்கன்னுதான தெரியுது. ரசம் போதுமா?"

6

வெள்ளிக்கிழமை. நீள மேசை, பதினொரு பேர், எல்லார் முன்னாலும் சமோசா. குல்கர்ணி சார் அறிக்கையை வாசித்தார். நகத்தால் கீறிய புகைப்படம் சுவர் முழுக்கப் பெரிதாகத் தெரிந்தது. செல்வி அக்காவின் நகம் ஒரு குற்றவாளியின் நகமாக அங்கே இருந்தது. யாரும் கீறலைத் தாண்டி ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை.

"அண்ணா, வெப்பத் தரப்பில் என்ன சொல்கிறாய்?"

எழுந்தேன். முக்கியமான நேரத்தில் என் இந்தி என்னைக் கைவிடும். "சார், ஹவா அந்தர் நஹீ ஆத்தா" என்றேன்.

"ஆத்தி" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். இந்தியில் காற்று பெண்பால். பதினான்கு வருடமாக நான் அதை ஆணாகவே நடத்தி வருகிறேன்.

"ஆத்தி" என்றேன். "உள்ளே வரவில்லை. ஸ்டிக்கர் மூடியிருக்கிறது. வரைபடத்தில் ஸ்டிக்கர் இருந்தது. நான்தான் மாடலில் அதை நீக்கினேன். பார்க்காமல் நீக்கினேன். ஆட்டோக்காரர்கள் எதையும் மூடவில்லை. அந்தக் கீறலால் காற்று கொஞ்சம் கூடுதலாகப் போயிருக்குமே தவிர குறைந்திருக்காது."

இரண்டு ரங்கோலியையும் காட்டினேன். ஸ்டிக்கர் இல்லாதது, நீலமும் பச்சையுமாக எழுபத்தெட்டு. ஸ்டிக்கர் உள்ளது, சிவப்பாகத் தொண்ணூற்றெட்டு. சமோசா கடிக்கிற சத்தம் நின்றது.

குல்கர்ணி சார் மராட்டிக்கு மாறினார். "இந்த அளவுக்கு ஸ்டிக்கரை ஒட்டச் சொன்னது யார்? எந்த மடையன் இதற்கு அனுமதி கொடுத்தான்?"

கேட்டுவிட்டார். பாட்டீல் மேடம் மேசைக்கு அடியிலிருந்து கோப்பை எடுத்தார். பீரோவில் பூட்டியிருக்கும் என்று சொன்னதை அன்று கையோடு கொண்டுவந்திருந்தார். மேசை மேல் தள்ளினார். அது கை மாறிக் கை மாறிப் போனது. ஒவ்வொருவரும் தன் கட்டத்தைத் தேடிப் பார்த்துவிட்டு வேகமாக அடுத்தவருக்குத் தள்ளினார். கடைசியாகக் குல்கர்ணி சாரிடம் போனது. முதல் கட்டம் அவருடையது, பச்சை மை.

ஒன்பது பேரும் பக்கத்துக் கட்டத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். பக்கத்தவர் மறுக்கவில்லை, ஆகவே நானும் மறுக்கவில்லை. என் கணினியாவது ஆயிரம் முறை கேட்ட பிறகுதான் முடிந்தது என்கிறது.

அதன் பிறகு கூட்டம் வேறு நடையில் நடந்தது. 'மடையன்' என்ற சொல் குறிப்பேட்டில் ஏறவில்லை. 'ஸ்டிக்கரின் இருப்பிடம் காற்றோட்டத்தைப் பகுதியளவு பாதித்திருக்க வாய்ப்புண்டு' என்று எழுதினார்கள். 'பயன்படுத்துவோர் கவனக்குறைவு' அடிக்கப்பட்டது. ஏரவாடாவில் பெட்டிகள் இருக்கும். புதிய ஸ்டிக்கர் வடிவமைத்து ஒன்பது பேர் ஒப்புதல் வாங்க ஆறு வாரம் ஆகும். அதுவரை பழையதை உரிக்கலாமா? உரித்தால் உத்தரவாதம் செல்லாதே! அரை மணி நேரம் இதை விவாதித்து, அனுமதிக் கடிதத்தோடு நிறுவன ஊழியர் ஒருவரே நேரில் போய் உரித்தால் அது 'அகற்றுதல்' ஆகாது, 'பராமரிப்பு' ஆகும் என்று கண்டுபிடித்தார்கள்.

கடைசி முடிவை வாசிக்கும்போது குல்கர்ணி சார் என்னைப் பார்க்கவில்லை. 'மாடலுக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளியைக் கருத்தில்கொண்டு, மென்பொருளை இவ்வாண்டு புதுப்பிக்க வேண்டாம். அண்ணாவுக்குக் கள அனுபவம் தேவைப்படுகிறது.' எட்டுப் பேர் தலையாட்டினார்கள். வெளியே வரும்போது அவர் என் தோளைத் தொட்டு, "தப்பாக நினைக்காதே. யாராவது ஒருத்தர் போக வேண்டியிருந்தது" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். சமோசாவும் கொடுத்தார்.

7

திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு பிளேடு, ஒரு பாட்டில் ஸ்பிரிட், அனுமதிக் கடிதம், மடிக்கணினி ஆகியவற்றோடு ஏரவாடாவில் நின்றேன். புணே முழுக்க உரிக்க வேண்டிய பெட்டிகள் நூற்றிருபது. மற்ற ஸ்டாண்டுகளில் உச்சி வெயிலில் இவ்வளவு கூட்டம் இல்லாததால் இதுவரை வெளியே தெரியவில்லை. ஏரவாடாவில் தொடங்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானாகத் தொடங்கினேன்.

கடிதத்தைச் செல்வி அக்காவிடம் நீட்டினேன். முழுவதும் படித்தார்.

"இத உரிக்கறதுக்கு லெட்டரு. இத ஒட்றதுக்கு எத்தன லெட்டரு வந்திச்சோ" என்றார். பிறகு என் கையிலிருந்த பிளேடைப் பார்த்தார். "ஏன், அன்னிக்கு ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல உக்காந்திருப்பேன்னீங்களே?"

"இனிமே இதுதான் அக்கா."

செல்வி அக்கா தன் ஆட்டோவை முதல் பெட்டியில் இணைத்துவிட்டு, ஸ்டிக்கரின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டார். நான் பிளேடை நுழைத்து, ஸ்பிரிட்டை விட்டு, சிறிது சிறிதாகக் கிளப்பினேன். ஆங்கிலம் முதலில் வந்தது, அப்புறம் இந்தி. மராட்டி லேசில் வரவில்லை. முழுவதும் கையோடு வந்தபோது விசிறியின் சத்தம் மாறியது. அதுவரை அது முனகிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கேபிளைச் சொருகிப் பெட்டியின் சூட்டை மடிக்கணினியில் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். எழுபது. எழுபத்தாறு. ஒரு மணிக்கு எண்பது. செல்வி அக்கா பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்துப் பார்த்துக் கேட்டார்: "இப்ப எவ்ளோ?" ஒன்றரைக்கு எண்பத்தொன்று. வெயில் கூரைத் தகரத்தைப் பட் பட்டென்று விரித்துக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கும் எண்பத்தொன்று. பச்சை விளக்கு அசையவில்லை.

என் மாடல் எழுபத்தெட்டு என்றது. மூன்று டிகிரி எங்கிருந்து வந்தது? தகரக் கூரையா, சுவரிலிருந்து அடிக்கிற அனலா, துளையில் படிந்த தூசா? பழைய இலவச மென்பொருள் வீட்டுக் கணினியில் இன்னும் கிடக்கிறது, அதில் சுவரையும் கூரையையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கலாம் என்று ஓர் எண்ணம் ஓடியது. யார் கேட்கப் போகிறார்கள்? யாரும் கேட்காவிட்டால் என்ன? சிகரெட் அட்டை ஒன்றைக் கீழேயிருந்து எடுத்து, அதன் பின்புறம் சுவரின் சூட்டைக் குறித்துக்கொண்டேன்.

இரண்டே காலுக்குச் செல்வி அக்கா சார்ஜ் கேபிளைப் பிடுங்கி, தன் ஆட்டோவின் சார்ஜ் முள்ளைப் பார்த்து, "ஃபுல்லு" என்றார், என்னிடம் அல்ல, வண்டியிடம். முன் சீட்டில் தாவி ஏறினார். நான் எழுந்து நின்றேன், ஏதாவது சொல்வார் என்று நினைத்து.

"அண்ணா, கால எடுங்க, கால எடுங்க! ஸ்கூல் வுட்ருவாங்க!"

காலை இழுத்துக்கொண்டேன். ஆட்டோ மூலையில் திரும்பி மறைந்தது. அடுத்த ஆட்டோக்காரர் ஏற்கெனவே தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, இரண்டாவது பெட்டியைக் காட்டி, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.